மறுக்க இயலாதவரிடம் கேட்பது

நாக்பூரில் ஆசிரமத்தின் இலவச மருந்தகத்தில் காலை வேளைகளில் பெயர் பதியும் பணி சில காலம் எனக்கு வாய்த்திருந்தது. ஒருநாள், ஆட்டோ ஓட்டும் அன்பர் ஒருவர் மருந்துக்காக அன்றி, நான்காக மடித்த காகிதம் ஒன்றுடன் வந்தார். அவருடைய மகன் படிக்கும் தனியார் பள்ளி அனுப்பிய ஆங்கிலச் சுற்றறிக்கை அது. "படித்துச் சொல்லுங்கள், மகராஜ்" என்றார். ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு மாணவனும் டேப்லெட் வைத்திருக்க வேண்டும். பள்ளி குறிப்பிடும் விற்பனையாளரிடமே அதை வாங்க வேண்டும். பாடங்களுக்கான மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா தனி. ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் மாதந்தோறும். 'டேப்லெட்' என்ற சொல் காதில் விழுந்ததும் வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர், "பையனுக்கு உடம்புக்கு என்ன?" என்று பரிவுடன் விசாரித்தார். அன்பர் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "இதில் 'வேண்டாம்' என்று எழுத இடம் இருக்கிறதா?"

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெற்றோரின் கையொப்பத்துக்கு மட்டுமே இடம் இருந்தது.

வித்தைக்கு விலை கேட்பது அதர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியருக்கும் வயிறு உண்டு. பள்ளிக் கூரையும் தானாக நிற்பதில்லை. நம் மரபிலும் குருதட்சிணை உண்டு. காளிதாசரின் ரகுவம்சத்தில் கௌத்ஸன் என்ற மாணவன் வருகிறான். 'உன் பணிவிடையே போதும்' என்று குரு வரதந்து சொல்லியும் கேளாமல், தட்சிணை தந்தே தீருவேன் என்று அவன் வற்புறுத்துகிறான். சினமுற்ற குரு, கற்பித்த பதினான்கு வித்தைகளுக்குப் பதினான்கு கோடி பொன் கொண்டுவரச் சொல்கிறார். எல்லாவற்றையும் வேள்வியில் தானமளித்துவிட்டு மண் பாத்திரத்துடன் நிற்கும் ரகு மன்னனிடம் மாணவன் வருகிறான். குபேரன் பொன்மாரி பொழிய, வந்ததனைத்தையும் கொடுத்துவிட மன்னன் துடிக்கிறான். குருவுக்கு உரியதற்கு மேல் ஒரு பொன்னும் வேண்டாம் என்று மாணவன் மறுக்கிறான். தட்சிணை கல்வி முடிந்த பின்னர் வருவது என்பதும், அதன் சுமை நாடாள்பவன் தோளில் போய் இறங்கியது என்பதும் இக்கதையில் நாம் அதிகம் கவனியாத செய்திகள்.

ஆனால் இந்த ஒரு கதையை மட்டும் சொல்லி மரபின் பெருமை பேசுவது நேர்மையாகாது. ஏகலைவனின் கட்டைவிரலும் நம் மரபில்தான் இருக்கிறது. துரோணர் அவனுக்கு ஓர் அட்சரமும் கற்பிக்கவில்லை. ஆயினும் தட்சிணை கேட்டார். அவன் மலர்ந்த முகத்துடன் கொடுத்தான் என்று பாரதம் சொல்கிறது. எத்தனையோ உபந்நியாசங்களில் இதை குருபக்தியின் சிகரமாக விளக்கக் கேட்டிருக்கிறேன். கொடுத்தவனைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கட்டும். கேட்டவர் நிலை என்ன? மறுக்க மாட்டான் என்று அறிந்தே அவனிடம் கேட்டார் அல்லவா? கொடுப்பவனின் சம்மதம் கேட்பவரின் செயலைத் தூய்மைப்படுத்திவிடுமா?

நம் சுற்றறிக்கைகளின் முன் நிற்கும் கேள்வியும் இதுவே. 'பெற்றோர் விரும்பித்தானே கையொப்பமிட்டார்கள்' என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. குழந்தை வகுப்பில் அமர்ந்துவிட்டது, நண்பர்கள் அமைந்துவிட்டார்கள், நடுவில் பள்ளி மாற்றினால் படிப்பு கெடும். அந்நிலையில் இடும் கையொப்பத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? யோக சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் வியாசர், சாஸ்திர நெறிக்குப் புறம்பாகப் பிறர் பொருளை ஏற்பதையே திருட்டு என்கிறார். அஸ்தேயமோ அப்பொருளின் மீது ஆசையே இல்லாமை. பூட்டை உடைத்தால்தான் திருட்டு என்று அவர் சொல்லவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் பாதி வழி வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான கல்வியைத் தடைப்படுத்தும் எந்தக் கட்டணமும் செலவும் அக்குழந்தைகள் மீது விழலாகாது என்கிறது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. இந்தப் பிரிவுக் குழந்தைகளுக்கு இணையவழி வகுப்புக்கான கருவியும் இணைய வசதியும் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று 2020 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் அதே ஆண்டு அக்டோபரில், இப்பிளவு குறித்துக் கவலை தெரிவித்து, தீர்வுத் திட்டம் ஒன்றை வகுக்கும்படி தில்லி அரசைக் கேட்டது. நம் ஆட்டோ அன்பரின் மகன் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவன் அல்லன். வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்தும் இத்தகையோரை ஏழை என்று சட்டமும் எண்ணுவதில்லை, வசதியுள்ளவர் என்று கடைக்காரரும் எண்ணுவதில்லை.

2024 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம், வகுப்பறைக் குளிர்சாதனத்தின் செலவு ஆய்வகக் கட்டணம், ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் போன்றதே, அதைப் பெற்றோரே ஏற்க வேண்டும் என்றது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே வசதிகளையும் செலவையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சேர்க்கையின்போது சொல்லப்பட்ட செலவுக்குத்தானே பொருந்தும்? ஐந்தாண்டு கழித்துப் புதிதாகச் சேரும் நிபந்தனையைத் தந்தை எப்போது தேர்ந்தெடுத்தார்? வசதி வேறு, நிபந்தனை வேறு. விசிறி இல்லாவிட்டால் வியர்க்கும். பாடமே கருவிக்குள் போய்விட்டால், கருவி இல்லாத குழந்தைக்குப் பாடமே இல்லை. கருவி பாடத்தின் பகுதியாகிவிட்டபின் அதை நோட்டுப் புத்தகம் போல வீட்டார் தலையில் வைப்பது எப்படி முறையாகும்? கட்டாயமாக்கியவருக்கே அதன் சுமையில் முதல் பங்கு. வாங்க இயலாதவனுக்குப் பள்ளியிலேயே சில கருவிகளை வைத்துப் பயன்படுத்தக் கொடுப்பது எட்டாத காரியமும் அன்று.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்று தெரியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மாலை வகுப்பைக் கைபேசிக்கு மாற்றினோம். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி, கிராமப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 வீட்டில்தான் கணினி, 15 வீட்டில்தான் இணைய வசதி என்பதை நான் அறிவேன். அறிந்தும், பல வாரங்கள் வராத ஒரு சிறுமியின் பெயருக்கு எதிரே 'ஆர்வமில்லை' என்று குறித்தேன். வகுப்பு மீண்டும் நேரில் தொடங்கியதும் முதல் நாளே அவள் வந்து அமர்ந்தாள். வீட்டில் இருந்த ஒரே கைபேசி அண்ணனுடையதாம். அவன் காலையில் வேலைக்கு எடுத்துச் சென்றால் இரவில்தான் திரும்புவானாம். தோழியிடம் வாங்கி எழுதிய பாடக் குறிப்புகளை நீட்டினாள். இரண்டு நோட்டுகள் நிறைந்திருந்தன. பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் அன்று நா எழவில்லை.

ஆட்டோ அன்பர் கையொப்பமிட்டார். டேப்லெட்டைத் தவணையில் வாங்கியிருக்கிறார். பையன் நன்றாகப் படிக்கிறானாம். அவர் இப்போது ரயில் நிலையத்தில் இரவுச் சவாரியும் எடுப்பதால், முதுகுவலிக்கான மருந்தை அவருடைய மனைவிதான் வந்து வாங்கிச் செல்கிறார்.