மறைத்துக் கொடுப்பது நன்கொடை ஆகாது

கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரங்களை வாங்கியோர் பட்டியல் 2024 மார்ச் 14 அன்று வெளியானபோது நாடு திகைத்தது. முதலிடத்தில் இருந்தது, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய கோவை லாட்டரி நிறுவனம். லாட்டரி தடைசெய்யப்பட்ட தமிழ்நாட்டை அப்போது ஆண்ட திமுக, அந்நிறுவனத்திடமிருந்து 509 கோடி பெற்றதாகத் தானே தெரிவித்தது. எல்லாரையும்விட அதிகம் பெற்றது மத்தியில் ஆளும் பாஜக. விசாரணை அமைப்புகளின் சோதனைக்கு உள்ளான நிறுவனங்களும் பட்டியலில் இருந்தன. யாரிடம் வாங்கினோம் என்பதை வாக்காளரிடம் மறைக்கும் கட்சிக்கு, அவர்களிடம் வாக்குக் கேட்கும் தகுதி இல்லை.

நன்கொடையாளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவர் பழிவாங்கப்படக் கூடாது என்பார்கள். சாமானியர் தரும் சிறு தொகைக்கு அது பொருந்தும். கோடிகளுக்குப் பொருந்தாது. பத்திரங்களை விற்றதே அரசுடைமையான ஸ்டேட் வங்கிதான். ஆகவே ஆள்வோர் அறிய வழி இருந்தது; இருளில் நின்றவர்கள் மக்கள்தான். நிறுவனங்களின் நன்கொடைக்கு மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பையும் 2017-இல் நீக்கினார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் அள்ளிக் கொடுக்கலாம் என்றானது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது, வாக்காளரின் அறியும் உரிமையை முன்னிறுத்தித்தான்.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. பெற்ற தாயின் பசியைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார் வள்ளுவர். கட்சி நடத்தப் பணம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. செங்கோலேந்தியவன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய வழிப்பறியோடு ஒப்பிட்டவரும் அவரே. அளவறிந்து வரி கொள்ளாத அரசனை, வயலுக்குள் புகுந்த யானையாகக் கண்டார் புறநானூற்றுப் பிசிராந்தையார். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலில் இடம்பெறத் தடை விதித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர்ச்சபை கேட்ட கணக்கை இன்றைய குடியரசு கேட்கக் கூசலாமா?

பத்திரம் ஒழிந்தாலும் நோய் தீரவில்லை. வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு இல்லை. கண்காணிக்க வேண்டிய தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரதமரும் அவர் நியமிக்கும் அமைச்சரும் பெரும்பான்மை. ஆட்டக்காரரே நடுவரைத் தேர்ந்தெடுப்பது நீதியாகாது.

கட்சிச் செலவுக்கு வரம்பு விதியுங்கள். பெரிய நன்கொடைகளை வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிடுங்கள். ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதிக்கு இடம் கொடுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், வாக்குறுதிக்கு முன்னே வரவுக் கணக்கைக் கேட்பது வாக்காளரின் கடமை.