கதவும் கன்னமும்

பூட்டிய கதவைப் பார்த்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? காலிங் பெல் அடிப்போம். திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரிப்போம். சோனி டி.வி-யின் 'சி.ஐ.டி.' ஆட்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏ.சி.பி. பிரத்யுமன் ஒரு வார்த்தை சொல்வார். மலை மாதிரி இருக்கும் தயா ஒரே இடி. கதவு காலி. தாழ்ப்பாள் போட்டிருந்ததா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

1998 ஜனவரியில் ஆரம்பித்து 2018 அக்டோபர் வரை ஓடிய தொடர். 1,500 எபிசோடுகளுக்கு மேல். ஆறு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில் மறுபடியும் வந்தது. இந்தி தெரியாதவருக்கும் கதை புரியும். பிணம், சந்தேகம், லேப், கதவு, அறை, சுபம்.

லாஜிக்? அதைத் தேட வேறு துப்பறியும் குழுதான் போட வேண்டும். டாக்டர் சாலுங்கே இரண்டு சோதனைக் குழாய்களைக் கலக்குவார். கலர் மாறும். என்ன விஷம், எப்போது கொடுத்தார்கள், எல்லாம் வந்துவிடும். கொலைகாரன் ரயிலேறித் தப்பினால் சரியான பிளாட்பாரத்தில் போய் நிற்பார்கள். நம் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்து பார்க்கட்டும். சென்னை, திருச்சி, மாயவரம், பாண்டி, காட்பாடி என்று ஐந்து பக்கம் பாதை பிரிகிறது. எந்தப் பக்கம் ஓடுவீர்கள் தயா சார்?

ஆனால் 'நம்ப முடியலை' என்பதை மட்டும் குற்றமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2019-இல் திண்டிவனத்தில் ஒரு வீட்டில் ஏ.சி. வெடித்து மூன்று பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. விசாரித்த போலீஸ், அது விபத்தில்லை, கொலை என்றது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் சுருண்டார்கள். காரணம் மெத்தனால். அந்த விஷத்துக்கு டாக்டர்கள் கொடுக்கும் முறிவு மருந்துகளில் ஒன்று எது தெரியுமா? எத்தனால். அதாவது, சாதாரண சாராயத்தில் இருக்கிற அதே சரக்கு! கல்லீரலில் இரண்டையும் கவனிப்பது ஒரே நொதிதான். அது எத்தனாலில் மும்முரமாக இருக்கும்போது, மெத்தனால் கொடிய விஷமாக மாறாமல் மெதுவாக வெளியேறிவிடும். இதையே சாலுங்கே சொல்லியிருந்தால் 'ஆரம்பிச்சிட்டாருப்பா' என்று விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

பிறகு ஏன் பார்க்கிறோம்? நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு டேலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நிஜத்தில் ஒரு கொலை வழக்கு வாய்தா வாய்தாவாக வருஷக்கணக்கில் இழுக்கிறது. இங்கே முக்கால் மணி நேரத்தில் பற்றும் வரவும் நேராகிவிடுகிறது. அந்த ஆறுதல் பொய் என்று தெரிந்தேதான் வாங்கிக்கொள்கிறோம்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். புடவை கட்டிய ஆம்பிளைதான் பாஞ்சாலி. படுகளத்தில் கிடக்கும் துரியோதனன் வெறும் மண் உருவம். எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சபதம் முடிகிற நேரத்தில் கூட்டத்தில் கண் கலங்காதவர் குறைவு. 'லாஜிக் இடிக்குதே' என்று அங்கே ஒருத்தரும் எழுந்துபோவதில்லை.

ஆகவே கதவு உடையட்டும், குழாயில் நுரை பொங்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. சி.ஐ.டி. பார்த்துவிட்டுத் தோளால் கதவை இடித்தவர் யாரும் என் தெருவில் இல்லை.

என் சங்கடம் வேறு இடத்தில். சந்தேக நபர் 'எனக்குத் தெரியாது சார்' என்பான். தயா பளாரென்று ஒன்று வைப்பார். உடனே பிளாஷ்பேக்கோடு முழு உண்மையும் கொட்டும். தூக்கு நிச்சயம் என்று ஏ.சி.பி-யே தீர்ப்பும் சொல்லிவிடுவார். கோர்ட்டுக்கு வேலை மிச்சம். கதவுக்குச் சிரித்த நாம் இங்கே சிரிப்பதில்லை. 'போடு!' என்கிறோம். ஏன்? இந்த ஒன்றை மட்டும் நாம் நம்புகிறோம். கவனியுங்கள், மொத்தத் தொடரிலும் நம்பக் கூடாத சமாசாரம் இதுதான். அடித்தால் வருவது, அடிக்கிறவர் கேட்க விரும்புகிற பதில். 1872-இல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்துக்கே இது தெரிந்திருந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக வைக்க முடியாது என்றது அதன் 25-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அது 23-வது பிரிவாக இருக்கிறது.

திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வேலையில் பெரும்பகுதி என்ன தெரியுமா? எங்கோ திருட்டு நடந்து, ஆள் கிடைக்காமல், செங்கல் சூளையில் வேலை பார்க்கிற இருளரைப் பிடித்துப்போய் 'ஒப்புக்கொள்ள' வைக்கும் வழக்குகளோடு மல்லுக்கட்டுவது. 'ஜெய் பீம்' 2021-இல் வந்தபோது அழுதோமே, அதற்கு அடிப்படையான லாக்கப் மரணம் 1993-இல், விழுப்புரத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் நடந்தது. அங்கே கண்ணீர், இங்கே கைத்தட்டல். அடி ஒன்றுதான்.

"விடுங்க சார், பொழுதுபோக்குதானே" என்பீர்கள். விட்டுவிட்டேன். இன்றைக்கும் பார்க்கிறேன், நாளைக்கும் பார்ப்பேன். ஆனால் பார்க்கும்போது ஒரு ஆளைத் தேடுகிறேன். பாதிக் கதையில் தப்பாகச் சந்தேகப்பட்டு, அறையும் வாங்கியவன். முக்கால் மணி நேரம் முடிவதற்குள் அவன் நிரபராதி என்று தெரிந்துவிடும். தயா அடுத்த கதவுக்குப் போய்விடுவார். அவனிடம் யாரும் 'ஸாரிப்பா' என்றுகூடச் சொல்வதில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு எந்த பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான், பெண்டாட்டி கேட்டதற்கு என்ன சொன்னான்? அந்த எபிசோடை இன்னும் யாரும் எடுக்கவில்லை.