தயவா, உரிமையா?

"பாவம், ஏதோ ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கோம்." ஊனமுற்றவருக்கு வேலை கொடுத்தவர் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். இந்தப் 'பாவம்' நமக்குப் பழகிய சொல். சேரிக்குக் கஞ்சி ஊற்றியதும் இதே குரலில்தான். 'ஹரிஜன்' என்று பேர் வைத்ததால் கூலி கூடிவிடவில்லை. 2010-இல் தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்று பேர் மாற்றியது. பேர் மட்டும் வயிற்றை நிரப்புமா?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ்.இராமகிருஷ்ணன், தானே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். பாதிக்கப்பட்டவர் கையில் அமைப்பு இருந்தது என்பதே முக்கியம். தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுக்கும், கம்பெனி ஆளை எடுக்கும் என்கிற கூட்டில், உழைப்பவருக்குப் பெரும்பாலும் நாற்காலி கிடையாது. அவரைப் பற்றிப் பேச்சு நடக்கும், அவரோடு நடக்காது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. தனியாருக்குக் கட்டாயமில்லை, 5 சதவீதம் பேரை வைத்துக்கொள்ள ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு சரி. ஆக, அங்கே எல்லாம் முதலாளியின் மனசு.

2011 கணக்கெடுப்பில் மொத்த மக்களில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம்; தலித்துகளில் 2.45. நம்மாளுக்குப் படிக்கட்டு மட்டுமா தடை? தெருவே தடை.

நடக்க முடியாதவர் சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் உட்கார்ந்தபடி தார் சுற்றலாம். சுற்றியது யார் என்று தாருக்குத் தெரியுமா? பிறகு ரேட்டு மட்டும் ஏன் குறைய வேண்டும்? கூலி கூடக் கேட்டால் 'நன்றி கெட்டவன்' என்று ஏச்சு விழுகிறதா? அப்படியானால் அங்கே கொடுத்தது வேலையில்லை தோழர், பிச்சை.