எட்டாத ஆழம்

1944-ல் ஜெர்மனி கடலில் இறக்கிய டைப் 23 நீர்மூழ்கியின் நீளம் 35 மீட்டருக்கும் குறைவு. உள்ளே 14 பேர். பீரங்கி கிடையாது. முகப்பில் இரண்டு குழாய்கள், அவற்றில் இரண்டே டார்பிடோக்கள். மூன்றாவதை வைக்க இடமில்லை. அந்த இரண்டையும் உள்ளிருந்து ஏற்றவும் முடியாது. துறைமுகத்தில் பின்பக்கத்தைத் தாழ்த்தி, மூக்கை நீருக்கு மேலே தூக்கி, வெளியிலிருந்து தள்ள வேண்டும்.

இவ்வளவு சிக்கனத்துக்கும் ஒரு பலன் இருந்தது. மேற்பரப்பைவிட நீருக்கடியில் அது வேகமாக ஓடியது: மணிக்கு 12 கடல் மைலுக்கும் மேல். டீசல் எஞ்சினுக்கு வேண்டிய காற்றை ஸ்நார்கல் குழாய் இழுத்துத் தந்ததால், பேட்டரிக்கு மின்னேற்றக்கூட முழுதாக மேலே வர வேண்டியதில்லை. முந்தைய நீர்மூழ்கிகள் தேவைப்பட்டபோது மட்டும் மூழ்கின. இது மூழ்கியே கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. 60-க்கும் மேற்பட்டவை படையில் சேர்ந்தன, ஆறு மட்டுமே போருக்குப் போயின. அந்த ஆறில் ஒன்றைக்கூட எதிரியால் மூழ்கடிக்க முடியவில்லை. யாருக்காகச் செய்தார்கள் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால், அபாரமான வேலை. மறக்கத்தான் முடியவில்லை.

1945 மே 4 அன்று, நீர்மூழ்கிகளைத் தாக்குதலை நிறுத்தச் சொல்லி ஜெர்மனியின் அப்போதைய தலைவர் டோனிட்ஸ் உத்தரவிட்டார். 7-ம் தேதி அதிகாலை ரைம்ஸ் நகரில் ஜெர்மனியின் சரணாகதி கையெழுத்தானது. அன்றிரவு 11 மணியையொட்டி, ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில், அந்த ஆறில் ஒன்றான யு-2336 தன் டார்பிடோக்கள் இரண்டையும் விட்டது. இரண்டும் குறி தப்பவில்லை. ஸ்னேலண்ட் 1, அவொண்டேல் பார்க் என்ற இரு சரக்குக் கப்பல்கள் மூழ்கின. ஒன்பது பேர் இறந்தார்கள்.

உத்தரவு தனக்கு வந்து சேரவில்லை என்றார் யு-2336-ன் தளபதி எமில் க்ளுஸ்மயர். அது சாக்காகவும் இருக்கலாம். ஆனால் உண்மையென்றே வைத்துக்கொண்டால்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஆழத்தில் வானொலி எட்டாது. எதிரியின் கண்ணுக்குத் தப்ப வைத்த அதே ஆழம், தன்னவர்கள் சொன்ன 'போதும்' என்ற சொல்லையும் தடுத்துவிடும். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளிந்துகொண்டவனை யாராலும் திருப்பி அழைக்கவும் முடியாது. பாதுகாப்பு என்று நாம் கட்டிக்கொள்ளும் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

போர் முடிந்தபோது சொந்த மாலுமிகளே மூழ்கடித்த, அதே வகையைச் சேர்ந்த யு-2365-ஐ, 1956-ல் மேற்கு ஜெர்மனி தூக்கியெடுத்து, பிறகு செப்பனிட்டு 'ஹாய்' என்று பெயரிட்டது. 1966 செப்டம்பரில், வடகடலின் டாகர் திட்டருகே புயலில் அது மூழ்கியது. 20 பேரில் 19 பேர் பிழைக்கவில்லை. மிஞ்சிய ஒருவரைப் பல மணி நேரம் கழித்துக் கண்டெடுத்தது, அவ்வழியே வந்த ஓர் ஆங்கிலேய மீன்பிடிக் கப்பல்.