எரிசாராயமும் நம் கல்லாவும்

குடிக்கிற சாராயத்தை விற்பது கூடாது என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகமில்லை. பிழிகிறவர், சுமக்கிறவர், விற்கிறவர், அந்த விலையை உண்கிறவர் எல்லோரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே வரிசையில் வைத்துச் சபித்தார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அடுப்புக்கும் வார்னிஷுக்கும் போகிற ஸ்பிரிட் போத்தலைப் பற்றி என்ன சொல்வது?

மூலப்பொருள் ஒன்றுதான். புளிக்க வைத்து வாலையில் வடித்த அதே சாராயத்தில் மெத்தனால் முதலியவற்றைக் கலந்து குடிக்க ஆகாததாக்குகிறார்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற குடியானவர் எரிபொருளுக்காகத் தம் இடத்திலேயே வடிக்கலாம்; வெளியே அனுப்புமுன் 100 காலனுக்கு 2 காலனாவது மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தாக வேண்டும். மெத்தனால் 65 டிகிரியிலும் சாராயம் 78 டிகிரியிலும் கொதிக்கும். மறுபடி காய்ச்சிப் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறவன் ஏமாறுவான். அது முழுக்கப் பிரியாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கும்.

போதை தரும் திரவமெல்லாம் நஜீஸ் என்பது ஷாஃபி மத்ஹப். திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றில் வடித்ததை இமாம் அபூஹனீஃபா அவர்கள் வேறாகக் கருதினார்கள். மரைக்காயரும் ராவுத்தரும் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிற தெருவில் ஒரே போத்தலுக்கு இரண்டு பதில் கிடைப்பது இதனால்தான். அதை ஆலிம்களிடம் விடுவோம்.

வீட்டில் வடிப்பது வேறு விஷயம். அநாதைகளுக்கு வாரிசாக வந்த மதுவைக் காடியாக்கலாமா என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் கேட்டபோது, கூடாது என்றே பதில் வந்தது. அநாதைகளின் சொத்து! அதற்கே அனுமதி இல்லை. ஆகவே, "நாளைக்கு மண்ணெண்ணெய் கலந்துவிடுவேன்" என்கிறவர் இன்றிரவு பானையில் இருப்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இனி, கடைக்காரர். விஷம் கலந்திருப்பது குடிக்க நினைப்பவனுக்கு எச்சரிக்கையே தவிர, விற்பவருக்கு விடுதலைச் சீட்டு அன்று. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். அவர்களில் பிழைப்புக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளிகளும் உண்டு. அந்தச் சரக்கும் ஏதோ ஒரு கையிலிருந்து விலைக்குப் போனதுதான்.

தச்சுப் பட்டறைக்கு டின் டின்னாகக் கொடுப்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. அடுப்புமில்லாமல் பட்டறையுமில்லாமல், பொழுது சாய்ந்ததும் தினம் ஒரு சிறு போத்தல் கேட்டு வருகிறவர் விஷயம் அப்படியன்று. திராட்சை ஹலால்தான், ஆயினும் மது பிழிகிறவன் என்று தெரிந்தே அவனுக்குத் திராட்சை விற்பது ஹராம் என்று ஷாஃபி நூல்களில் சட்டம் இருக்கிறது. நாம் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான் என்று சிலர் சொல்வார்கள். வாங்கலாம். பக்கத்துக் கடைக்காரரிடமும் நாமே போய்ப் பேசிப் பார்க்கலாமே.