ரெட் அலர்ட்டும் முன்பதிவு செய்த அறையும்

2024 நவம்பர் 30 சனிக்கிழமை. ஐயப்பன்தாங்கல் போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் வார விடுமுறை என்றால் புதுச்சேரி என்பது பல வீடுகளில் பழகிப்போன ஏற்பாடு. போரூர் சுங்கச்சாவடிப் பக்கம் பைபாஸில் ஏறினால் பெருங்களத்தூர், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று நேர்வழி. அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஆக்டிங் டிரைவரிடம் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளுக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்று அதே புதுச்சேரியை நோக்கி ஃபெஞ்சல் புயலும் வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் இருக்கும் ஒரு குடும்பம் கிளம்பலாமா, கூடாதா? பார்த்துப் போய் வந்தால் சரி என்று பலரும் இதைச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ஆனால் இதற்குள் அறம் சார்ந்த கேள்விகள் பல இருக்கின்றன.

முதலில் குடும்பத்தின் பக்கம் நின்று பார்ப்போம். அந்த வாரம் புயலே நிலையில்லாமல்தான் இருந்தது. 28ஆம் தேதி வியாழக்கிழமை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே அது கரையைக் கடந்துவிடலாம் என்ற கணிப்பு இருந்தது. மறுநாள் பிற்பகல் அது புயலாக வலுப்பெற்றது. சனிக்கிழமை பிற்பகலில் கரையைக் கடக்கும் என்றார்கள்; கடந்து முடித்தபோது நள்ளிரவை நெருங்கியிருந்தது. கடந்த பிறகும் நகராமல் புதுச்சேரி அருகிலேயே மணிக்கணக்கில் நின்று கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் ஒரு நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. எனவே வியாழக்கிழமை பயணத்தை ரத்து செய்யாமல் விட்டவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல முடியாது. முடிவு எடுத்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் ஒருவரை எடைபோட வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அல்ல.

ஆனால் அதே அளவுகோல் வெள்ளிக்கிழமை மாலைக்கும் பொருந்தும். அதற்குள் புயலுக்குப் பெயர் வந்துவிட்டது. ரெட் அலர்ட் வந்துவிட்டது. மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் பொதுப் போக்குவரத்தை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. சனிக்கிழமை நண்பகலில் சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது. இப்படி எந்த எச்சரிக்கையும் கிடைக்காத காலமும் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு, புயல் நேரத்தில், பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயிலில் நூறு பேருக்கும் மேல் இருந்தார்கள். அனைவரையும் கடல் கொண்டுபோனது. எதை நோக்கிப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை; தாமாகத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. இன்று புயலின் பாதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கைபேசிக்கே வந்துவிடுகிறது. தெரியாமல் போய்விட்டோம் என்ற சமாதானத்துக்கு இப்போது இடம் இல்லை.

தெரிந்தே போகிறேன், அது என் விருப்பம், என் உயிர், என் பணம் என்று ஒருவர் சொல்லலாம். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வயதுவந்த ஒருவர் தன் உயிருக்கு வரும் ஆபத்தைத் தானே எடைபோடும் உரிமை உடையவர். மலையேறுபவரையும் ஆழ்கடலில் முக்குளிப்பவரையும் நாம் தடுப்பதில்லை. ஆனால் விடுமுறைப் பயணம் ஒருவர் தனியாக எடுக்கும் ஆபத்து அல்ல. பின்னிருக்கையில் உட்காரும் பிள்ளைகளை யாரும் கருத்துக் கேட்கவில்லை. வண்டி ஓட்டும் ஆக்டிங் டிரைவர் வரமாட்டேன் என்று சொன்னால் அன்றைய கூலி போகும். அடுத்த முறை வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. விருந்தினர் வருகிறார் என்பதற்காகத் தங்கும் விடுதியின் சமையல்காரரும் அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணும் வேலைக்கு வந்தாக வேண்டும். அவர்கள் வீட்டுக் கூரையும் அதே காற்றில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் தன் விருப்பப்படி எடுக்கும் ஆபத்தில் மறுக்க முடியாத நான்கு பேர் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், அதைத் தனிமனித உரிமை என்ற பெயரில் மட்டும் நியாயப்படுத்த முடியாது.

இதில் மீட்புப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 1 அன்று புதுச்சேரி கிருஷ்ணா நகரில் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. எச்சரிக்கையை மீறிப் போய் மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க வேண்டும் என்று ஒவ்வொரு புயலின்போதும் யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகத் தோன்றினாலும் இது தவறான யோசனை. காசுக்குப் பயந்து உதவி கேட்கத் தயங்குபவர் உயிரை இழப்பார். வெள்ளத்தில் நிற்பவரிடம் ஏன் வந்தாய் என்று கேட்காமல் கைநீட்டுவதுதான் மீட்பின் அறம். ஆனால் அந்தக் கை நிபந்தனை இல்லாமல் நீளுகிறது என்பதாலேயே நமக்குக் கடமை வந்துவிடுகிறது. விடுமுறைக்கு வந்தவருக்காக ஒரு படகு திரும்பினால், அந்த நேரத்துக்கு அது அந்த ஊர்க்காரரின் தெருவுக்குப் போகாது.

பலருடைய முடிவை உண்மையில் தீர்மானிப்பது கட்டிய பணம்தான். நம் முன்பதிவு முறை இதில் ஒரு கோணலை வைத்திருக்கிறது. ரயிலை ரயில்வே ரத்து செய்தால் பயணிக்கு முழுப் பணமும் திரும்பும். பயணியே ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் கிடைக்கும். விமானத்திலும் விடுதியிலும் பெரும்பாலும் இதே கதைதான். அதாவது, முன்யோசனையோடு இரண்டு நாள் முன்னதாக ஒதுங்கியவருக்கு நஷ்டம். ரத்து அறிவிப்பு வருகிறதா என்று கடைசி நிமிடம் வரை காத்திருந்தவருக்கு நஷ்டம் இல்லை. நல்ல முடிவுக்கு அபராதம் விதிக்கும் ஏற்பாடு இது. ஒரு மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் வந்த பிறகு அங்கே போகும் முன்பதிவுகளைப் பிடித்தம் இல்லாமல் ரத்து செய்யவோ வேறு தேதிக்கு மாற்றவோ வழி செய்வதுதான் நியாயம். பெரிய நிறுவனங்களால் அந்த இழப்பைத் தாங்க முடியும்.

நான்கு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துபவரின் நிலை வேறு. பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும். அதற்கெல்லாம் எல்லோரும் ரத்து செய்தால் அவர் அடுப்பு எரியாது. அவரிடம் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பதைவிட வேறு தேதிக்கு மாற்றித் தரச் சொல்வது நேர்மை. ஆக்டிங் டிரைவருக்கு, பயணம் ரத்தானாலும் பாதிக் கூலியாவது கொடுப்பது நேர்மை. நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நாம் எடுக்கும் முடிவின் செலவை, நம்மைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர் தலையில் கட்டக் கூடாது. விடுதிக்குக் கட்டிய சில ஆயிரங்களைப் பொறுத்தவரை, போனாலும் போகாவிட்டாலும் அவை போனவைதான். அந்தப் பணத்தைக் காப்பாற்றப் போவதாக நினைத்துக் கிளம்புபவர் இன்னொரு பெரிய செலவுக்குள்தான் நுழைகிறார். ஃபெஞ்சல் விஷயத்தில் அதுவே நடந்தது. சாத்தனூர் அணையில் இருந்து வெளியேறிய நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்து, விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியதால் திங்கட்கிழமை பல ரயில்கள் ரத்தாயின. வானம் வெளுத்த பிறகுதான் தெற்கே போனவர்களின் திரும்பும் வழி அடைபட்டது.

இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு; மேற்குப் புறநகர்களில் அதைத்தான் அதிகம் பார்க்கலாம். புயல் வருகிறது என்றதும் ஊரைவிட்டுப் போவதையே விடுமுறையாக்கிக்கொள்வது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், நாள்கணக்கில் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. வசதி உள்ளவர் பெங்களூருக்கோ உறவினர் வீட்டுக்கோ கிளம்புவதில் தவறு இல்லை. சொல்லப்போனால், ஒரு வீட்டில் ஆள் இல்லை என்றால் பால், தண்ணீர், படகு எல்லாவற்றுக்குமான வரிசை கொஞ்சம் குறைகிறது.

ஆனால் எதை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அடுக்ககத்தில் எல்லோரும் கதவைப் பூட்டிவிட்டுப் போனால், அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க மோட்டார் போடப்போவது வாட்ச்மேன்தான். ஈரத்தில் நின்று சுவிட்சைத் தொடும் ஆபத்து அவருடையது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு லிஃப்ட் நின்றுபோனால் மருந்து வாங்கித் தரவும் ஆள் வேண்டும். கிளம்பும் முன் மின் இணைப்பைத் துண்டிப்பது, வாட்ச்மேன் தங்க மேல்தளத்தில் இடம் ஒதுக்குவது, பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூட வருகிறீர்களா என்று கேட்பது, முடியாவிட்டால் ஒரு வீட்டுச் சாவியையும் கைபேசி எண்ணையும் நம்பகமான ஒருவரிடம் கொடுப்பது – இவ்வளவையும் செய்துவிட்டுப் போகிறவர் நியாயமாகப் போகிறவர். செய்யாமல் போகிறவர் தன் பங்கு ஆபத்தை அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

புயல் ஓய்ந்த பிறகும் ஒரு குழப்பம் வரும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியதில் 600 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள்; மலையகத்தில் மண்சரிவு ஊர்களைப் புதைத்தது. துக்கத்தில் இருக்கும் இடத்துக்கு உல்லாசப் பயணம் போகலாமா? அந்த மக்கள் வருவாயின் ஒரு பகுதிக்குச் சுற்றுலாவை நம்பியிருக்கும்போது, போகவே கூடாது என்பதும் கருணை அல்ல. சாலையும் மருத்துவமனையும் முதலில் அவர்களுக்கு. அவர்களே வாருங்கள் என்று அழைக்கும்போது பயணிக்கு. அந்த வரிசை மாறாதவரை பயணம் உதவியாகவே இருக்கும்.

ஆகவே, எனக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டு இந்த முடிவை எடுக்கக் கூடாது. என் பயணத்துக்காக யார் யார் வெளியே வர வேண்டியிருக்கும், அவர்களில் யாரால் முடியாது என்று சொல்ல முடியும் என்று கேட்க வேண்டும். மருத்துவத்துக்கோ துக்க வீட்டுக்கோ போக வேண்டியிருந்தால் அவர்களை வெளியே வரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேளிக்கைக்காக அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது. மஞ்சள் எச்சரிக்கையில் தயங்கலாம், விசாரிக்கலாம், டிரைவரிடம் மனம் திறந்து பேசலாம். ரெட் அலர்ட் வந்த பிறகு விடுமுறைப் பயணத்தைத் தள்ளிவைப்பது கோழைத்தனம் அல்ல. மற்றவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன். அதற்காகக் கொஞ்சம் பணம் போகும் என்றால், அது அந்தக் கடனுக்குரிய வட்டி என்று கட்டிவிடுவதே முறை.