அருகாமை

சித்திரை வெயிலில், அறுவடை முடிந்து கிடக்கும் மானாவாரிக் கொல்லைகளில் புழுதிச் சுழி எழும்பி நடந்து போவதைப் பென்னாகரம் சாலையில் பஸ்ஸில் போகிற எவரும் பார்த்திருக்கலாம். தூரத்திலிருந்து அது ஒரு தூண், ஓர் உருவம். சிறுவயதில் அதற்குள் ஓடிப் புகுந்திருக்கிறேன். உள்ளே உருவம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது, வாயெல்லாம் மண். அது எவ்வளவு உயரம் என்பதை வெளியே நின்ற பையன்கள்தாம் சொன்னார்கள்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'நேரடி அனுபவம்' என்பதை நற்சான்றிதழ் போல நீட்டுகிறோம். அமெரிக்காவில் டொர்னேடோ என்கிற சுழல்காற்றைக் கிட்டப்போய்ப் படம்பிடிப்பவர்களைப் பற்றிப் படித்தபோது இந்தச் சான்றிதழின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

டிம் சமாராஸ் கல்லூரிப் பட்டம் இல்லாத பொறியாளர். 2003 ஜூன் 24 அன்று, தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற சிற்றூருக்கருகே, வந்துகொண்டிருந்த சுழலின் பாதையில் தட்டையான கூம்பு போன்ற கருவியொன்றை வைத்துவிட்டு விலகினார். சுழல் அதன்மேல் ஏறிச் சென்றது. காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைக் கருவி பதிவு செய்தது. அருகாமை கருவிக்கு; தப்பிப்போகச் சில விநாடிகள் மனிதனுக்கு. 2013 மே 31 அன்று, ஓக்லஹோமாவில் எல் ரீனோ அருகே, அந்த விநாடிகள் கிடைக்கவில்லை. மழைத்திரைக்குள் மறைந்திருந்த சுழல் 2.6 மைல் அகலத்துக்கு விரிந்து, திசை மாறியது. சமாராஸ், படம்பிடிப்பவரான மகன் பால் சமாராஸ், சகா கார்ல் யங் மூவரும் இறந்தார்கள்.

அன்று அந்தச் சாலைகளில் காமிராவோடு இருந்தவர்கள் ஏராளம். பலர் கிளர்ச்சிக்காகவே வந்தவர்கள். ஆனால் அவர்கள் எடுத்த படங்களைப் பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் சேகரித்து, மின்னல் வெட்டுகளை அடையாளமாகக் கொண்டு ஒன்றோடொன்று நேரம் பொருத்தி, சுழல் எப்படி நகர்ந்தது என்பதை அறிய முயன்றார்கள். கிட்டத்துப் படம் தனியாக வெறும் சாம்பல்நிறக் கலக்கல். தூரத்தில் நின்றவனின் படத்தோடு சேரும்போதுதான் அதற்கு அர்த்தம். அதனால் கிளர்ச்சி புனிதமாகிவிடுமா? ஆகாது. ஆனால் நோக்கத்தின் தூய்மையை வைத்துப் படத்தை அளக்கவும் முடியவில்லை. (இந்தச் சங்கடம் கவிதைக்கும் உண்டு. அது வேறு கட்டுரை.)

இன்னொன்று உறுத்துகிறது. பதிவான சுழல்காற்றுகளில் மிக அதிகம் பேரைப் பலிகொண்டது அமெரிக்காவில் வீசியதல்ல. வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில், 1989 ஏப்ரல் 26 அன்று வீசியது: ஏறத்தாழ 1,300 பேர். அவர்களைவிட அருகில் இருந்தவர் யார்? படம்பிடிக்கிறவனின் அருகாமைக்கு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் வேண்டும், போக ஒரு சாலை வேண்டும், முன்கூட்டியே வானிலை அறிவிப்பும் வேண்டும். கூரைக்கடியில் இருந்தவனுக்கு இவை இல்லை. அவனுக்கு அனுபவம் மட்டும் இருந்தது, முழுமையாக. நாம் மெச்சுகிற நேரடி அனுபவம் இவ்விருவரில் யாருடையது?

மான்செஸ்டரில் கருவியை வைத்துவிட்டு ஓடினாரே சமாராஸ், அவரை அனுபவம் குறைந்தவர் என்று சொல்ல நான் தயாரில்லை.